எண்ணப்படாத உழைப்பு: பெண்களின் வேலையின்மையை அளத்தல்

ஒரு நாட்டின் பொருளாதார நலத்தை மதிப்பிட விரும்புவோர் முதலில் தேடும் எண்களுள் ஒன்று வேலையின்மை விகிதம். நம் நாட்டில் இதனைக் கணக்கிடும் பொறுப்பு மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தைச் சார்ந்தது. 2017 ஏப்ரல் முதல் அது நடத்திவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான ஓராண்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே வேலையின்மை 3.2 விழுக்காடு. ஆண்களிடையேயும் அதே 3.2 விழுக்காடுதான்.

இவ்வெண்ணை மட்டும் படிப்பவர், நூறு பெண்களில் மூவரைத் தவிர ஏனையோர் அனைவரும் ஏதோவொரு பணியில் இருக்கின்றனர் என்று எண்ணக்கூடும். ஆண்களும் பெண்களும் வேலைவாய்ப்பில் சமநிலை எய்திவிட்டனர் என்றுகூட முடிவு கட்டக்கூடும். நம் தெருக்களையும் வீடுகளையும் அறிந்த எவரும் இதனை ஏற்கமாட்டார். எண் பொய்யன்று, ஆயினும் அது சொல்வது நாம் எண்ணுவதையன்று. அவ்வாறாயின் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

இன்றைய அரபி மொழியில் வேலையின்மையை 'பதாலா' என்பர். 'பாத்தில்' என்று நாம் வழங்கும் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்தது. வீண், வெறுமை, செல்லாமை என்பன அவ்வேரின் பொருள்கள். தொழுகை பாத்திலாயிற்று என்கிறோமல்லவா? ஆக, சொல்லின் பிறப்பை நோக்கினால் வேலையற்றவர் என்பவர் சும்மா இருப்பவர்.

புள்ளியியலார் இச்சொல்லைக் கையாளும் பொருள் முற்றிலும் வேறு. அவர்களிடம் ஒருவர் வேலையற்றவராகக் கருதப்பட வேண்டுமாயின், அவரிடம் வேலை இல்லாதிருத்தல் மட்டும் போதாது. அவர் வேலை தேடியிருக்க வேண்டும், அல்லது கிடைத்தால் செய்ய ஆயத்தமாக இருப்பதாகத் தெரிவித்திருக்க வேண்டும். தேடவுமில்லை, ஆயத்தமாக இருப்பதாகச் சொல்லவுமில்லை எனில் அவர் வேலையற்றவர் பட்டியலில் இடம்பெறார். உழைப்பாளர் தொகுதிக்கு வெளியே நிற்பவராகிவிடுவார். மாணவர், ஓய்வூதியர், நோயாளர் ஆகியோருடன் இல்லத்தரசியரும் இவ்வகையில் சேர்க்கப்படுகின்றனர்.

ஆகவே வேலை செய்யும் வயதினர் அனைவரும் மூன்று பிரிவினராகின்றனர்: வேலையில் இருப்போர், வேலை தேடுவோர், இவ்விரண்டிலும் சேராதோர். முதலிரு பிரிவினரும் கூடியது உழைப்பாளர் தொகுதி. இத்தொகுதியில் தேடுவோரின் பங்கே வேலையின்மை விகிதம். மூன்றாம் பிரிவினர் எத்தனை கோடியாயினும் அந்த விகிதத்தை அவர்கள் தொடுவதே இல்லை.

முக்கொம்பு தரும் விளக்கம்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ள முக்கொம்பு இதனை எளிதில் விளக்கும். அங்கே அகண்ட காவிரி இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் திருவரங்கத் தீவைச் சூழ்ந்து செல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாழ்ந்த படுகையை உடைய கொள்ளிடம் நீரைத் தன்பால் ஈர்த்துக்கொள்ள, காவிரிக் கிளை மணலேறி மேடாயிற்று. தஞ்சை வயல்கள் வாடின. இதனைச் சீர்செய்யவே ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார்.

அணைக்கு முந்திய நாளில் காவிரிக் கிளையின் கரையில் மட்டும் நின்று அளந்தவர், ஆற்றில் நீரே குறைந்துவிட்டது என்றுதான் முடிவு செய்திருப்பார். பிரிவதற்கு முன் வந்த நீர் எவ்வளவு, கொள்ளிடத்தில் சென்றது எவ்வளவு என்பவற்றையும் அளந்தவருக்கே உண்மை புலப்பட்டிருக்கும். வேலையின்மை விகிதமும் ஒரு கிளையில் மட்டும் எடுத்த அளவுதான். உழைப்பாளர் தொகுதி ஒரு கிளை. அதற்கு வெளியே நிற்போர் மற்றொரு கிளை. பெண்களைப் பொறுத்தவரை பெருமளவு நீர் செல்வது இரண்டாவது கிளையிலேயே.

கணக்கைச் செய்து பார்ப்போம். 2017-18 ஆம் ஆண்டில் 15 வயதைக் கடந்த பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் 23.3 விழுக்காடு, அவர்களிடையே வேலையின்மை 5.6 விழுக்காடு. அதாவது, ஆயிரம் பெண்களில் 233 பேர் உழைப்பாளர் தொகுதியில் இருந்தனர். அவர்களுள் சுமார் 220 பேர் வேலையில் இருந்தனர். சுமார் 13 பேர் வேலை தேடினர். 767 பேர் வெளியே நின்றனர். 2023-24 ஆம் ஆண்டில் பங்கேற்பு விகிதம் 41.7 ஆக உயர்ந்தது, வேலையின்மை 3.2 ஆகக் குறைந்தது. இப்போது ஆயிரம் பெண்களில் 417 பேர் தொகுதியில் உள்ளனர். சுமார் 403 பேர் வேலையில் உள்ளனர். வேலை தேடுவோர் அதே 13 அல்லது 14 பேர். வெளியே 583 பேர்.

இதனைச் சற்று நிறுத்திப் படித்தல் வேண்டும். விகிதம் 5.6 லிருந்து 3.2 ஆக இறங்கியது. ஆனால் ஆயிரம் பெண்களுக்கு இத்தனை பேர் என்று பார்த்தால், வேலை தேடி நிற்போர் குறையவே இல்லை. வகுக்கும் எண் பெரிதாயிற்று. அதனால் விகிதம் சிறிதாயிற்று. ஆகவே பங்கேற்பு விகிதத்தை உடன் வைத்துப் பாராமல் வேலையின்மை விகிதத்தை மட்டும் மேற்கோள் காட்டுவது பயன்தராது.

எது வேலை?

இனி, 'வேலையில் இருப்பவர்' என்ற முதற்பிரிவை நோக்குவோம். கணக்கெடுப்பாளரின் படிவத்தில் ஒவ்வொருவருடைய நிலைக்கும் ஓர் இலக்கம் உண்டு. சொந்தத் தொழில் செய்பவருக்கு 11. குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவருக்கு 21. மாதச் சம்பளக்காரருக்கு 31. வேலை தேடுபவருக்கு 81. வீட்டுப் பணிகளை மட்டும் செய்பவருக்கு 92. வீட்டுப் பணிகளோடு விறகு, கீரை, மாட்டுத் தீவனம் சேகரித்தல், வீட்டுத் தேவைக்காகத் தைத்தல், நெய்தல் போன்றவற்றையும் செய்பவருக்கு 93. இவற்றுள் 92, 93 ஆகிய இரண்டும் உழைப்பாளர் தொகுதிக்கு வெளியே உள்ளவை.

முக்கொம்பைச் சுற்றியுள்ள காவிரிக் கரை ஊர்களில் வாழைத் தோட்டமும் மலர்ச் சாகுபடியும் உண்டு. ஆற்றின் மேற்புறத்தே முசிறி வட்டாரத்தில் கோரைப்பாய் நெசவு நடைபெறுகிறது. இவ்வூர்களில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் இரண்டு ஏக்கர் வாழை பயிரிடுகிறார். மனைவி காலையில் சமைக்கிறார்; முற்பகலில் தோட்டத்தில் பக்கக்கன்று நீக்குகிறார்; மாலையில் வியாபாரி கொண்டுவந்து கொடுக்கும் பூவை முழக் கூலிக்குக் கட்டித் தருகிறார். மகள் பட்டப்படிப்பை முடித்து ஈராண்டாக வீட்டில் இருக்கிறார். ஊருக்கு அருகில் தகுந்த பணி இல்லையென்பதால் விண்ணப்பிப்பதை நிறுத்திவிட்டார்.

கணக்கெடுப்பாளர் வருகிறார். குடும்பத்தார் ஒவ்வொருவரிடமும் அவர் தனித்தனியே பேசுவது கட்டாயமன்று. ஒருவரே அனைவருக்காகவும் விடை சொல்லலாம். "வீட்டுக்காரம்மா என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டால், "வீட்டில்தான் இருக்கிறார்கள்" என்று கணவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை; நம் வழக்கில் அதுவே மரியாதையான விடையும்கூட. இலக்கம் 92 பதிவாகும். அதே கணக்கெடுப்பாளர், "தோட்டத்தில் உதவுவதுண்டா? கூலிக்கு ஏதேனும் கட்டித் தருவதுண்டா? ஆண்டில் எத்தனை நாள்?" என்று தொடர்ந்து வினவினால் அதே பெண்மணி 21 ஆகவோ 11 ஆகவோ பதிவாகலாம். ஆண்டில் 30 நாளேனும் அத்தொழிலில் ஈடுபட்டிருந்தால் துணைத் தொழில் உடையவர் என்ற வகையில் அவரை வேலையில் உள்ளோராகக் கொள்வது இக்கணக்கெடுப்பின் வழக்கமான நிலை என்ற அளவுகோல். பெண் அவரே, உழைப்பும் அதுவே, ஒரு கேள்வி கூடியதால் தேசியக் கணக்கில் அவர் இடம் மாறிவிடுகிறது.

மகளின் நிலையோ இன்னும் நுட்பமானது. வேலை வேண்டும் என்ற விருப்பம் அவருக்கு உண்டு; இருப்பினும் தேடவில்லை. ஆயத்தமாக இருப்பதை யாரும் அவருக்காகச் சொல்லவும் இல்லை. ஆகவே அவர் வேலையற்றவர் அல்லர். வேலையின்மை விகிதம் அவரால் ஓர் அணுவளவும் உயர்வதில்லை.

அளவுகோல் மாறினால்

இது வெறும் ஊகமன்று. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தாராளமான வரையறையைக் கையாண்டது. பருவகாலத் தொழிலில் ஓரளவு தொடர்ந்து ஈடுபட்ட பெண்களையும் தொழிலாளராகக் கொண்டது. அவ்வாண்டு நாட்டில் பெண் தொழிலாளர் ஏறத்தாழ 5.9 கோடி. 1971 கணக்கெடுப்பில் ஒவ்வொருவருடைய முதன்மையான பணி எது என்று முதலில் கேட்டனர். பெரும்பாலான பெண்களுக்கு 'வீட்டு வேலை' என்ற விடையே வந்தது. பெண் தொழிலாளர் ஏறத்தாழ 3.1 கோடியாகச் சரிந்தனர். பத்தாண்டில் மக்கள்தொகை பெருகியிருக்க, உழைக்கும் பெண்கள் மட்டும் ஏறத்தாழப் பாதியாகிவிட்டனர் என்பதை யார் நம்புவர்? வயலும் வீடும் அப்படியே இருந்தன. மாறியது பெரும்பாலும் கேள்வி. இக்குறையை உணர்ந்தே 1991 கணக்கெடுப்பில், நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்யும் வேலையும் இதில் அடங்கும் என்ற விளக்கத்தைக் கேள்வியிலேயே சேர்த்தனர்.

காலவரம்பும் இவ்வாறே. ஆண்டு முழுவதையும் நோக்கி அளப்பது ஒரு முறை. கடந்த ஏழு நாள்களில் ஒரு மணி நேரமேனும் வேலை செய்தாரா என்று கேட்பது நடப்பு வார நிலை என்னும் மற்றொரு முறை. ஒரே 2023-24 ஆம் ஆண்டுக்கு, ஆண் பெண் இருபாலாரையும் சேர்த்து, முதல் முறையில் வேலையின்மை 3.2 விழுக்காடு; இரண்டாம் முறையில் 4.9 விழுக்காடு. 2025 முதல் வெளிவரும் மாதாந்திர அறிக்கைகள் இரண்டாம் முறையைச் சார்ந்தவை. இவற்றை முந்தைய ஆண்டறிக்கை எண்களோடு ஒப்பிட்டு 'வேலையின்மை திடீரென ஏறிற்று' என்று எழுதுவது, படியால் அளந்ததையும் மரக்காலால் அளந்ததையும் ஒன்றெனக் கொள்வதாகும்.

உயர்ந்த விகிதம் எப்போதும் கேடன்று

2023-24 அறிக்கையின்படி 15 முதல் 29 வயது வரையுள்ளோரிடையே வேலையின்மை கேரளத்தில் 29.9 விழுக்காடு, மத்தியப் பிரதேசத்தில் 2.6 விழுக்காடு. கேரளத்தின் அவ்வயதுப் பெண்களிடையே மட்டும் அது 47.1 விழுக்காடு. இதனைக் கொண்டு மத்தியப் பிரதேசத்து இளம்பெண்கள் கேரளப் பெண்களைவிட நல்ல நிலையில் உள்ளனர் எனல் பொருந்துமா? படித்த பெண்கள் தம் கல்விக்கேற்ற பணியைத் தேடிக் காத்திருக்கும் இடத்தில் விகிதம் உயர்கிறது. கிடைத்த வயல் வேலையைச் செய்தே ஆகவேண்டிய இடத்திலும், தேடுவதே வழக்கமில்லாத இடத்திலும் விகிதம் தாழ்கிறது. உயர்ந்த எண்ணில் ஏமாற்றம் உண்டு, நம்பிக்கையும் உண்டு. தாழ்ந்த எண்ணில் சில வேளை ஏழ்மையும் மௌனமும் மறைந்திருக்கின்றன.

அம்மௌனத்தைப் பேச வைத்த கேள்வி ஒன்று உண்டு. 2011-12 ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வில், வீட்டுப் பணியில் மட்டும் இருப்பதாகப் பதிவான பெண்களிடம், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை கிடைத்தால் ஏற்பீர்களா என்று வினவினர். ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆம் என்றனர். அவர்களுள் மிகுதியானோர் விரும்பியது தையல். இவர்கள் எவரும் வேலையற்றோர் கணக்கில் இல்லை. 2013 இல் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, தேடாவிட்டாலும் ஆயத்தமாக இருப்போரைத் தனியே அளந்து வெளியிட வேண்டும் என்று பரிந்துரைத்தது இத்தகையோரைக் கருதியே.

நம் சமுதாயமும் இவ்வெண்களும்

நீதியரசர் ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழுவின் 2006 அறிக்கை, 15 முதல் 64 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 44 விழுக்காட்டினர் வேலையில் இருந்ததாகவும், முஸ்லிம் பெண்களில் 25 விழுக்காட்டினரே இருந்ததாகவும் தெரிவித்தது. பலரும் மேற்கோள் காட்டியது இவ்வெண்ணைத்தான். முஸ்லிம் பெண்கள் உழைப்பதில்லை, உழைக்க விடுவதில்லை என்ற முடிவுக்கு இதுவே சான்றாகக் காட்டப்பட்டது. அதே அறிக்கையின் மற்றொரு செய்தி போதிய கவனம் பெறவில்லை: பெண் தொழிலாளர் அனைவரிலும் தம் வீட்டிலிருந்தே வேலை செய்வோர் 51 விழுக்காடு, முஸ்லிம் பெண் தொழிலாளரிடையே 70 விழுக்காடு.

வீட்டுக்குள் நடைபெறும் உழைப்பே கணக்கெடுப்பாளரின் கண்ணுக்கு எளிதில் தப்புவது என்பதை மேலே கண்டோம். இவ்விரு செய்திகளையும் இணைத்து நோக்கினால், நம் பெண்களின் பங்கேற்புக் குறைவில் ஒரு பகுதி உண்மையான குறைவு, மற்றொரு பகுதி அளவையின் குறைவு என்று கொள்வதே நேர்மை. மேலப்பாளையத்தில் பீடி சுற்றுபவரும் பத்தமடையில் பாய் நெய்பவரும் நம் கண் முன் உள்ளனர். 1966 இல் இயற்றப்பட்ட பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளராக ஏற்றது. எனினும் அட்டை ஒருவர் பெயரில் இருக்க, அதே வீட்டில் மூவர் சுற்றுவது பல இடங்களில் காணும் நிலை. தொழிலாளர் என்று எண்ணப்படாதவருக்கு மருத்துவ உதவியோ பிள்ளைகளின் கல்வி உதவியோ கேட்கும் உரிமை எழுத்தில் இருந்தாலும் கைக்கு எட்டுவதில்லை.

மரபின் பார்வை

பெண் வெளியே சென்று பணிபுரிதல் பற்றிய விவாதம் நம்மிடையே நெடுங்காலமாக உள்ளது. அது வேறு பொருள். இங்கே எழும் வினா, அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் உழைப்பை உழைப்பென ஒப்புகிறோமா என்பதே. இதில் நம் மரபு தெளிவானது. அன்னிஸா அத்தியாயத்தின் 32 ஆம் வசனம் ஆண்கள் ஈட்டியதில் அவர்களுக்கும், பெண்கள் ஈட்டியதில் அவர்களுக்கும் பங்குண்டு என்ற கருத்தைச் சொல்கிறது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தம் கைத்தொழிலால் ஈட்டித் தருமம் செய்தவர்.

அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்களைப் பற்றிய அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் குதிரைக்குத் தீனியிட்டார், நீர் இறைத்தார், மாவு பிசைந்தார், மூன்றில் இரண்டு ஃபர்ஸக் தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார். இன்றைய படிவத்தில் அவ்வம்மையாரை எந்த இலக்கத்தில் எழுதுவர்? வீட்டுப் பணியோடு தீவனம் சேகரிப்பவர் என 93 இல் எழுதி, உழைப்பாளர் தொகுதிக்கு வெளியே நிறுத்திவிடுவர். ஹதீஸ் அறிவிப்பாளர்களோ அவ்வுழைப்பைத் தூரத்தோடும் சுமையோடும் விரிவாகப் பதிந்து வைத்தனர்.

ஃபிக்ஹு நூல்களும் கூலிக்கு உழைப்பவரை இரு வகையாகப் பிரிக்கின்றன. காலத்துக்கு அமர்த்தப்படுபவர் 'அஜீர் காஸ்'. தையற்காரர்போல் முடித்துத் தரும் வேலைக்கு அமர்த்தப்படுபவர் 'அஜீர் முஷ்தரக்'. இருவரும் உழைப்பாளரே, இருவருக்கும் கூலி கடமையே. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு, முழம் பூவுக்கு இவ்வளவு என்று வாங்கும் பெண் இரண்டாம் வகையினர். வீட்டில் இருந்து செய்வதால் அவர் தொழிலாளர் அல்லர் என்று நம் சட்ட அறிஞர் எவரும் கருதவில்லை.

உயர்வின் உள்ளடக்கம்

ஆயிரம் பெண்களில் வேலையில் இருப்போர் ஆறாண்டில் 220 லிருந்து 403 ஆனதைக் கண்டோம். இது மகிழ்ச்சிக்குரிய செய்தியா? உள்ளடக்கத்தைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். வேலையில் உள்ள பெண்களில் சுயதொழிலார் 2017-18 இல் 51.9 விழுக்காடு; 2023-24 இல் 67.4 விழுக்காடு. சுயதொழிலாருள் அடங்கும் ஊதியமற்ற குடும்ப உதவியாளர் மட்டும் 31.7 விழுக்காட்டிலிருந்து 36.7 விழுக்காடாயினர். தோராயமாகக் கணக்கிட்டால், புதிதாகச் சேர்ந்த 183 பேரில் ஏறத்தாழ 158 பேர் சுயதொழில் பிரிவினர். அவர்களுள் ஏறத்தாழ 78 பேர் கையில் ஊதியம் பெறாத உதவியாளர். சம்பளத்துக்கும் தினக்கூலிக்கும் சென்றோர் ஏறத்தாழ 25 பேர் மட்டுமே கூடினர்.

இதற்கு இருவகை விளக்கம் தரப்படுகிறது. குடும்ப வருமானம் போதாமையால் பெண்கள் நிலத்துக்கும் சிறு தொழிலுக்கும் திரும்பினர் என்பர் ஒரு சாரார். முன்பு 92 என எழுதப்பட்டவரை இப்போது கூர்ந்து கேட்டு 21 என எழுதுகின்றனர் என்பர் மறுசாரார். இரண்டிலும் உண்மை இருக்கக்கூடும். எவ்வாறாயினும் 'வேலை பெற்றார்' என்பதும் 'வருமானம் பெற்றார்' என்பதும் ஒன்றல்ல என்பது தெளிவு.

இனி 92 இல் நிற்போரும் 'பதாலா' என்ற சொல்லின் பொருளில் சும்மா இருப்போர் அல்லர். 2024 ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதற்குச் செலவிட்டனர்; ஈடுபட்ட ஆண்கள் 88 நிமிடங்களை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 இல் தொடங்கப்பட்ட மகளிர் உதவித் திட்டத்துக்கு 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டது இவ்வுழைப்பை ஒப்புக்கொண்டதன் அடையாளம் எனலாம்.

நாம் செய்யத்தக்கது

பெண்களின் வேலை நிலையை அறிய விரும்புபவர் நான்கு வினாக்களைச் சேர்த்தே கேட்க வேண்டும். எத்தனை பேர் உழைப்பாளர் தொகுதியில் உள்ளனர்? அவர்களுள் எத்தனை பேர் வேலை தேடுகின்றனர்? வேலையில் உள்ளோரில் எத்தனை பேருக்குக் கையில் ஊதியம் வருகிறது? வெளியே நிற்போரில் எத்தனை பேர் வாய்ப்பு வந்தால் ஏற்பர்? இந்நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துப் பெருமை பேசுவதும் குறை கூறுவதும் பிழை.

2027 மார்ச் 1 ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டுள்ளது. அது நம் வாசலுக்கும் வரும். அப்போது வீட்டுப் பெண்களையே விடை சொல்லச் செய்வது நலம். ஆண்கள் விடை சொல்ல நேர்ந்தால், "வீட்டில்தான் இருக்கிறார்" என்பதோடு நிறுத்தாமல், சுற்றும் பீடியையும் கட்டும் பூவையும் தைக்கும் துணியையும் தோட்டத்து வேலையையும் எடுத்துரைக்க வேண்டும். ஜமாஅத்துகள் தம் மஹல்லாவில் வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் எத்தனை பேர், படித்துக் காத்திருப்போர் எத்தனை பேர் என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்வது கடினமன்று. ஸகாத் பங்கீட்டுக்கும் கல்வி உதவிக்கும் தொழிற்கடனுக்கும் அதைவிட நம்பகமான அடிப்படை வேறில்லை.

அளவையில் குறைவு செய்வோரை எச்சரிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் 'அல்முதஃப்ஃபிஃபீன்' என்ற பெயரில் உள்ளது. கடைத்தெருவின் தராசையும் படியையும் குறித்து நாம் அதனை ஓதுகிறோம். ஒருவருடைய உழைப்பை எண்ணும்போது குறைத்து எண்ணுவதும் அளவையில் குறைவு செய்தலே என்பதை உணர்ந்து ஓதினால், நம் வீட்டுப் பெண்களுக்குரிய நிறையை முழுமையாக அளந்து கொடுப்பதில் நாமே முற்பட்டு நிற்போம்.